பேத்திக்குத் துணையாகப் போனவர்

ஏப்ரல் 30, சந்த்ரோ தோமரின் நினைவு நாள். 2021-ஆம் ஆண்டு, கொரோனாவின் இரண்டாம் அலை வட இந்தியாவை உலுக்கிய வாரங்களில், மீரட் நகரத்து மருத்துவமனை ஒன்றில் தம் 89-ஆம் வயதில் அவர் காலமானார். மரணச் செய்திகள் நாள்தோறும் குவிந்துகொண்டிருந்த காலம் அது. அவற்றுக்கு நடுவிலும் அவருடைய மறைவைப் பல மொழி நாளிதழ்கள் படத்துடன் வெளியிட்டன. நீண்ட பாவாடை, மேலே ஒரு சட்டை, தலையில் முக்காடு, நீட்டிய கையில் துப்பாக்கி. இந்தத் தோற்றத்தில்தான் நாடு அவரை அறிந்திருந்தது.

'ஷூட்டர் தாதி' என்பது மக்கள் அவருக்குச் சூட்டிய பெயர். தமிழில் தாதி என்றால் செவிலி. இந்தியில் அச்சொல் தந்தையைப் பெற்ற பாட்டியைக் குறிக்கும். துப்பாக்கி சுடும் அப்பத்தா என்று அதைத் தமிழாக்கலாம். உறவுப் பெயரும் ஆயுதமும் ஒன்றாக ஒட்டிக்கொண்ட அப்பெயரில் ஒரு வியப்பும் அதனோடு கொஞ்சம் வேடிக்கையும் கலந்திருந்தன. அவரைப் பற்றிய செய்திகளும் பெரும்பாலும் அந்த வியப்போடு நின்றுவிட்டன. ஒரு பாட்டி துப்பாக்கி பிடித்ததைக் காட்டிலும், பாட்டியாக இருந்ததால் தமக்குக் கிடைத்த சிறு சுதந்திரத்தை அவர் யாருக்காகச் செலவிட்டார் என்பதே அவர் வாழ்க்கையில் கவனிக்கத்தக்க செய்தி.

உத்தரப் பிரதேசத்தின் மேற்கு விளிம்பில், டெல்லிக்கு வடக்கே, யமுனையின் கிழக்குக் கரையோரம் அமைந்தது பாக்பத் மாவட்டம். கரும்பும் கோதுமையும் விளையும் வளமான மண். அம்மாவட்டத்து ஜோஹ்ரி என்னும் சிற்றூருக்குச் சந்த்ரோ பதினைந்து வயதில் மணப்பெண்ணாக வந்து சேர்ந்தார். பள்ளிக்கூடம் சென்றதில்லை. பெரிய கூட்டுக்குடும்பம், நிலமும் எருமைகளும் உள்ள வீடு. அத்தகைய வீட்டில் மருமகளின் நாள் விடியலுக்கு முன்பே தொடங்கும். பால் கறக்க வேண்டும். தீவனம் நறுக்க வேண்டும். சாணம் அள்ளி வறட்டி தட்ட வேண்டும். அடுப்பு மூட்டி அனைவருக்கும் ரொட்டி சுட வேண்டும். பின்னர் வயலுக்குப் போக வேண்டும். பிள்ளைகள் பிறந்தார்கள், வளர்ந்தார்கள், பேரப்பிள்ளைகள் வந்தார்கள். வேலை மட்டும் மாறவில்லை.

அந்த வாழ்க்கையின் அமைப்பைத் தமிழ் வாசகர்கள் புரிந்துகொள்ள ஒரு விளக்கம் தேவைப்படும். இந்திய உறவுமுறைகளைப் பற்றி 1953-இல் வெளிவந்த தம் நூலில் ஐராவதி கார்வே, வடக்குக்கும் தெற்குக்கும் இடையிலான ஓர் அடிப்படை வேறுபாட்டை விளக்கினார். தெற்கில் மாமன் வீட்டிலும் அத்தை வீட்டிலும் பெண் கொடுத்து வாங்கும் வழக்கம் இருப்பதால், மணமாகிச் செல்லும் பெண்ணுக்குப் புகுந்த வீட்டு முகங்கள் பெரும்பாலும் முன்பே பழகியவை. வடக்கின் பெரும்பகுதியிலோ உறவுக்குள்ளும் சொந்த ஊருக்குள்ளும் மணம் கூடாது. பெண் அயலூருக்கு அயலாளாகச் செல்கிறாள். பிறந்த ஊரில் முகம் திறந்து திரிந்தவள், புகுந்த ஊரில் மாமனார், கணவனின் மூத்த சகோதரர்கள், ஊர்ப் பெரியவர்கள் எல்லோர் முன்னும் முகத்தை முழுதாக மூடிக்கொள்ள வேண்டும். 'கூங்கட்' எனப்படும் அந்த முக்காடு ஓர் ஆடை மட்டுமன்று. யாரிடம் பேசலாம், எங்கே நிற்கலாம், எந்த வழியாக நடக்கலாம் என்பவற்றை எல்லாம் வகுக்கும் ஒரு முழு ஒழுங்கு. சந்த்ரோ அந்த ஒழுங்குக்குள் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் வாழ்ந்தார்.

1990-களின் இறுதியில் அவ்வூருக்குத் துப்பாக்கி சுடும் பயிற்சிக் கழகம் ஒன்று வந்தது. மருத்துவர் ராஜ்பால் சிங் அதைத் தொடங்கினார். விளையாட்டு ஒதுக்கீட்டின் வழியே இராணுவத்திலும் காவல்துறையிலும் வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கை ஊர் இளைஞர்களை அங்கே இழுத்தது. சேர்ந்தவர்கள் பெரும்பாலும் பையன்கள். சந்த்ரோவின் பேத்தி ஷெஃபாலிக்கும் கற்க ஆசை. பையன்கள் நிறைந்த இடத்துக்குத் தனியே போகச் சிறுமிக்குக் கூச்சம். பாட்டி துணைக்குப் போனார்.

அது 1999-ஆம் ஆண்டு. அங்கே நடந்ததைச் சந்த்ரோ பின்னாளில் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். துப்பாக்கியில் குண்டை இடத் தெரியாமல் பேத்தி தயங்கினாள். பாட்டி வாங்கி இட்டுக்கொடுத்தார். கொடுக்குமுன் தாமும் ஒருமுறை குறிபார்த்துச் சுட்டார். குண்டு இலக்கின் நடுவட்டத்தில் பாய்ந்தது. பயிற்சியாளர் ஃபரூக் பதான் வியந்துபோய், நீங்களும் கற்றுக்கொள்ளுங்கள் என்றார். அப்போது சந்த்ரோவுக்கு வயது அறுபத்தைந்தைத் தாண்டியிருந்தது.

முதல் குண்டு நடுவில் பாய்ந்ததைத் தற்செயல் என்று கொள்ளலாம். அதன் பின் வந்தவற்றை அவ்வாறு கொள்ள இயலாது. பத்து மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டியின் விதிகளை அறிந்தால் இது விளங்கும். பிஸ்டல் வகைத் துப்பாக்கி ஒன்றரை கிலோ எடை வரை இருக்கலாம். அதை ஒரே கையால், எந்தத் தாங்கலும் இன்றி, நீட்டிப் பிடித்துச் சுட வேண்டும். பத்துப் புள்ளி தரும் நடுவட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர், ஒரு சட்டைப் பொத்தானின் அளவு. பத்து மீட்டர் தொலைவில் கை ஒரு நூலிழை நடுங்கினாலும் குண்டு அடுத்த வளையத்துக்குப் போய்விடும். இது விசையை இழுக்கும் விரலின் திறமை மட்டுமன்று. நீட்டிய கையை அசையாமல் நிறுத்தும் தோளின் வலிமை, மூச்சின் ஒழுங்கு, பொறுமை ஆகியவற்றின் சோதனை.

அரை நூற்றாண்டு எருமை கறந்து, தீவனம் நறுக்கி, நீர்க்குடமும் புல்கட்டும் சுமந்த உடலுக்கு அந்த வலிமை முன்பே இருந்தது. வீட்டு வேலை என்று எவரும் கணக்கில் கொள்ளாத உழைப்பு அந்தத் தோளில் சேர்ந்திருந்தது. ஆனால் சேர்ந்த வலிமையைக் குறியாக மாற்றப் பயிற்சி வேண்டும். பயிற்சிக் கழகத்துக்கு நினைத்தபோதெல்லாம் செல்ல முடியாது. வீட்டில் துப்பாக்கியும் கிடையாது. சந்த்ரோ தாமே ஒரு வழி கண்டார். இரவில் வீடு அடங்கிய பிறகு ஒரு குவளையில் நீர் நிரப்பி, கையை நீட்டி, நீர் அலம்பாமல் பிடித்தபடி நின்றார். அடுக்களைப் பாத்திரம் ஒன்று பயிற்சிக் கருவியாயிற்று. எடையும் நடுக்கத்தைக் காட்டும் அளவியும் அந்த ஒரே குவளையில் இருந்தன. விளையாட்டு அறிவியல் நூல் எதையும் படித்திராத ஒருவரின் கண்டுபிடிப்பு இது. படைப்பாற்றல் என்ற சொல் கவிதைக்கும் ஓவியத்துக்கும் மட்டும் உரியது என்று எண்ணுவோர் அந்தக் குவளையை நினைத்துப் பார்க்கலாம்.

அவர் தனியாகவும் இல்லை. கணவரின் தம்பி மனைவியான பிரகாஷி தோமரும் விரைவில் உடன் சேர்ந்தார். தமிழில் ஓரகத்தி என்போமே, அந்த உறவு. ஓரகத்திகளைப் பகையாளிகளாகவே காட்டும் கதைகள் வடக்கிலும் உண்டு, தெற்கிலும் உண்டு. ஜோஹ்ரியின் இரு மூதாட்டிகளும் அவற்றைப் பொய்யாக்கினார்கள். ஒருவர் இல்லாத நேரத்தில் மற்றவர் வீட்டு வேலையைப் பார்த்துக்கொள்ள முடியும். வெளியூர்ப் போட்டிக்கு இருவரும் சேர்ந்து போனால் துணை என்ற பெயரும் கிடைக்கும்.

எதிர்ப்பு வராமல் இல்லை. ஊரார் நகைத்தனர். கார்கில் போர் நடந்த ஆண்டு அது. கிழவி போருக்குப் புறப்பட்டுவிட்டாள் என்ற கேலி எளிதாகக் கிடைத்தது. வீட்டு ஆண்களுக்குத் தெரியாமலேயே தொடக்கக் காலப் பயிற்சி நடந்தது. ஒருமுறை சந்த்ரோவின் படம் நாளிதழில் வந்தபோது, வீட்டு ஆண்கள் பார்த்துவிடக் கூடாதென்று அந்தத் தாளையே மறைத்துவிட்டார். பெற்ற வெற்றியைத் தன் வீட்டாரிடமிருந்தே ஒளித்துவைக்க வேண்டிய நிலையில் இருந்த ஒருவரைத்தான் பின்னாளில் நாடு தன் பெருமை என்று கொண்டாடியது. வீட்டுப் பெரியவர்கள் சினத்துடன் மௌனமாக இருந்தார்கள் என்றும், பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தம் பக்கம் நின்றார்கள் என்றும் அவர் கூறியுள்ளார்.

பிறகு போட்டிகள் வந்தன. மூத்தோர் பிரிவில் தேசிய அளவில் 25-க்கும் மேற்பட்ட பதக்கங்களை அவர் வென்றதாக நாளிதழ்கள் எழுதின. இந்த வெற்றியை மிகைப்படுத்தவும் வேண்டாம். அவர் ஒலிம்பிக் வீராங்கனை அல்லர். மூத்தோருக்கான போட்டிகளின் எல்லை அவருக்கும் தெரியும். ஆயினும் அப்போட்டிகளில் எதிரே நின்றவர்களில் ஓய்வுபெற்ற படைவீரர்களும் காவல் அதிகாரிகளும் இருந்தார்கள். ஆயுதப் பயிற்சியைத் தொழிலாகவே பெற்றவர்கள். அவர்கள் நடுவே முக்காட்டுடன் நின்று வெல்வதற்குத் திறமையோடு ஒரு துணிச்சலும் வேண்டியிருந்தது. உடலுக்குத்தான் முதுமை உண்டு, மனத்துக்கு இல்லை என்பது அவர் திரும்பத் திரும்பச் சொன்ன வாசகம்.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. இத்தனை கட்டுப்பாடுள்ள சமூகத்தில் அவரால் எப்படி வெளியே வர முடிந்தது? இருபது வயது மருமகள் ஒருத்தி அதே கழகத்துக்குப் போயிருந்தால் என்ன நேர்ந்திருக்கும்?

துருக்கிய ஆய்வாளர் டெனிஸ் கண்டியோட்டி 1988-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை ஒன்று, ஆணாதிக்கத்தோடு பெண்கள் செய்துகொள்ளும் பேரத்தைப் பற்றிப் பேசுகிறது. வட இந்தியாவையும் உள்ளடக்கிய ஒரு பரந்த நிலப்பகுதியின் கூட்டுக்குடும்பங்களில், இளம் மருமகளாக எல்லாத் துன்பத்தையும் ஏற்கும் பெண், தான் மாமியாராகும் நாளில் அதிகாரம் தன் கைக்கு வரும் என்று காத்திருக்கிறாள். அந்த நாள் வந்ததும், தான் பட்டதை அடுத்த மருமகள் மேல் சுமத்துகிறாள். இவ்வாறு முதிய பெண்களே அந்த ஒழுங்கின் காவலர்களாக ஆகிவிடுகிறார்கள். முதுமை பெண்ணுக்குச் சற்றே தளர்வைத் தருகிறது. அந்தத் தளர்வின் விலை, இளம் பெண்களைக் கட்டிவைக்கும் பொறுப்பு.

சந்த்ரோவுக்கும் அந்தத் தளர்வு கிடைத்திருந்தது. கிழவிதானே, போகட்டும் என்று ஊர் கேலியோடு விட்டுவிட்டது. இளம் பெண்ணுக்கு வரும் அவதூறு ஒரு பாட்டிக்கு வராது. பேரத்தின்படி அவர் அந்தத் தளர்வைத் தமக்கென வைத்துக்கொண்டு, பேத்திகளையும் மருமகள்களையும் வீட்டுக்குள் நிறுத்தியிருக்க வேண்டும். அவர் எதிர்மாறாகச் செய்தார். தாம் போகக்கூடிய இடத்துக்குப் பேத்தியை அழைத்துச் சென்றார். பாட்டி உடன் இருக்கும்போது பேத்தியைத் தடுக்கச் சொல்லும் காரணம் வலுவிழந்தது. பாட்டியே சுடத் தொடங்கியபோது, இது பெண்ணுக்குரிய வேலையன்று என்ற காரணமும் போயிற்று. அவர் தம் முதுமையை ஒரு குடைபோல விரித்துப் பிடித்தார்; அடியில் பேத்திகள் நடந்து போனார்கள்.

பலன் கண்முன்னே கிடைத்தது. ஷெஃபாலி பன்னாட்டுப் போட்டிகளில் பங்கேற்கும் நிலைக்கு உயர்ந்து ஹங்கேரிக்கும் ஜெர்மனிக்கும் சென்றார். பிரகாஷியின் மகள் சீமா தோமர் 2010-இல் இங்கிலாந்தின் டார்செட்டில் நடந்த உலகக் கோப்பையில் டிராப் பிரிவில் வெள்ளிப் பதக்கம் வென்றார். உலகக் கோப்பையின் ஷாட்கன் போட்டிகளில் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண் அவர். ஊரின் பிற வீடுகளிலிருந்தும் பெண்பிள்ளைகள் பயிற்சிக்கு வரத் தொடங்கினர். சிலருக்குப் பதக்கம் கிடைத்தது. சிலருக்கு வேலை கிடைத்தது. சொந்தச் சம்பளம் என்பது அந்த ஊர்ப் பெண்களுக்கு எத்தகைய மாற்றம் என்பதைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

சந்த்ரோ பதக்கங்களோடு வீட்டில் அமரவில்லை. பயிற்சிக்கு வந்த சிறுமிகளுக்குக் கற்றுக்கொடுத்தார். பெண்பிள்ளைகளை அனுப்பும்படி பெற்றோரிடம் பேசினார். அழைத்த இடங்களுக்கெல்லாம் சென்று பெண் சிசுக்கொலைக்கு எதிராகவும் பெண்கல்விக்கு ஆதரவாகவும் பேசினார். அந்தப் பேச்சு அவர் வாழ்ந்த மண்ணில் வெறும் மேடைப்பேச்சன்று. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, பாக்பத் மாவட்டத்தில் ஆறு வயது வரையிலான ஆண் குழந்தைகள் 1000 பேருக்குப் பெண் குழந்தைகள் 841 பேர் மட்டுமே இருந்தனர். மாநில அளவில் அந்த எண்ணிக்கை 902. பிறக்கவே விடப்படாத பேத்திகளின் ஊர்களுக்கு நடுவே நின்று, பேத்திகளால்தான் தமக்கு இரண்டாம் வாழ்க்கை கிடைத்தது என்று ஒரு பாட்டி சொன்னார். புள்ளிவிவரங்களால் செய்ய முடியாத ஒன்றை அச்சொல் செய்திருக்கக் கூடும்.

கொடை என்றால் இருப்பதிலிருந்து எடுத்துத் தருவது. பணமோ நிலமோ அவர் பெயரில் பெரிதாக இருந்திருக்க வாய்ப்பில்லை. அந்தத் தலைமுறைப் பெண்கள் பலருக்கும் இருந்ததில்லை. தம்மிடம் இருந்த ஒரே செல்வமான வயதையும் அதற்குரிய மரியாதையையும் அவர் பிறருக்குத் தந்தார். கேலியைத் தாம் வாங்கிக்கொண்டார்; வழியைப் பேத்திகளுக்கு விட்டார்.

2019 அக்டோபரில் இரு மூதாட்டிகளின் கதை 'சாண்ட் கீ ஆங்க்' என்ற இந்தித் திரைப்படமாக வந்தது. காளையின் கண் என்பது அதன் நேர்ப்பொருள். இலக்கின் நடுவட்டத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை வேடிக்கையாக இந்தியாக்கிய தலைப்பு. துஷார் ஹிராநந்தானி இயக்கினார். டாப்ஸி பன்னுவும் பூமி பெட்னேகரும் நடித்தார்கள், விருதும் பெற்றார்கள். படம் இரு பாட்டிகளின் புகழை நாடெங்கும் கொண்டுசென்றது என்பதில் ஐயமில்லை. ஆயினும் முப்பதைச் சுற்றிய வயதுள்ள நடிகையருக்கு நரைத்த தலைமுடியும் சுருக்கமும் ஒப்பனை செய்து மூதாட்டியராக ஏன் காட்ட வேண்டும், அந்த வயதுடைய நடிகையர் இல்லையா என்ற கேள்வி அப்போதே எழுந்தது. திரைத்துறையின் மூத்த நடிகையரே அதை எழுப்பினார்கள். நியாயமான கேள்வி. முதிய பெண்ணின் உடல் எதற்கும் பயன்படாது என்ற எண்ணத்தை வாழ்க்கையிலேயே முறியடித்தவரின் கதையைச் சொல்லும்போதும், திரை ஒரு முதிய உடலை நம்பத் தயங்கியது. சந்த்ரோவோ அதைப் பற்றிக் கசப்பேதும் காட்டாமல் நடிகையரைத் தம் பேத்திகளைப் போலவே அணைத்துக்கொண்டார்.

இறுதி ஆண்டுகளில் அவர் சமூக ஊடகத்திலும் இருந்தார். பள்ளிக்கே போகாத அவர் பெயரில் ஒரு ட்விட்டர் கணக்கு இயங்கியது. பல்லாயிரம் பேர் பின்தொடர்ந்தனர். 2021 ஏப்ரல் இறுதியில் அதே கணக்கில்தான் மூச்சுத் திணறலும் மருத்துவமனைச் சேர்க்கையும் பற்றிய செய்தி வந்தது. சில நாள்களில் அவர் மறைந்தார். தன் துணை தன்னை விட்டுப் போய்விட்டதென்றும், சந்த்ரோ எங்கே சென்றாய் என்றும் பிரகாஷி எழுதினார். இருபது ஆண்டுக்கால விருதுரைகள் எவற்றிலும் இல்லாத ஒன்று அந்த இரு வரிகளில் இருந்தது: ஓர் ஓரகத்தியின் அழுகை.

மறைவுக்குப் பிறகு நொய்டாவில் உள்ள துப்பாக்கி சுடும் தளத்துக்கு அவர் பெயரைச் சூட்டுவதாக மாநில அரசு அறிவித்தது. உயிரோடு இருந்தபோது நாளிதழில் வந்த தம் படத்தை மறைத்தவரின் பெயர் இன்று ஒரு கட்டடத்தின் முகப்புக்கு உரியதாயிற்று. நல்லதுதான். ஆனால் விளையாட்டு வரலாற்றை எழுதுவோர் பதக்கப் பட்டியலையும் கட்டடப் பெயரையும் மட்டும் பார்த்தால், 1999-இல் ஒரு சிறுமியின் கூச்சத்தைப் போக்க வேலைகளை ஒதுக்கிவைத்து உடன் நடந்த அந்தப் பாட்டி அவர்கள் கண்ணில் படமாட்டார். எந்தப் பதிவேட்டிலும் துணைக்குப் போனவர் பெயரை எழுதும் வழக்கம் இல்லை. பெண்களின் கல்வி, வேலை, விளையாட்டு ஆகியவற்றை ஆராயும் மாணவர்கள் தங்கள் தரவுகளில் ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொள்வது நல்லது: முதல் நாள் அந்தப் பெண்ணுடன் வாசல் வரை வந்தவர் யார்?

ஷெஃபாலியைக் கேட்டிருந்தால், பதில் ஒரே சொல்லில் வந்திருக்கும்.